கோட்டின் மேல் நேராகத்தான் நடந்தான்... ஆனாலும் தலையில் அடி! விளையாட்டுப் பிள்ளைகளின் பேலன்ஸ் டெஸ்ட்டை எவ்வளவு நம்பலாம்?

"அக்கா, மேட்ச்ல யாருக்கா ஜெயிச்சாங்க?"

என் தம்பி அன்று இரவு இந்தக் கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டபோதுதான் எனக்கு அடிவயிற்றில் பயம் பிறந்தது. ஜெயித்தது அவன் அணி. கடைசிப் பிடியைப் பிடித்தவனே அவன்தான்!

விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பி ஒன்பதாம் வகுப்பு. அன்றைக்கு அவனுக்குப் பள்ளிகளுக்கு இடையிலான கபடிப் போட்டி. ரெய்டு வந்தவனின் கணுக்காலைப் பிடிக்கப் பாய்ந்தான். அவனுடைய முழங்கால் தம்பியின் நெற்றிப்பொட்டில் நச்சென்று இறங்கியது. சில நொடிகள் மண்ணில் அப்படியே கிடந்தான். பி.டி. சார் ஓடி வந்தார். முகத்தில் தண்ணீர் தெளித்தார். இரண்டு விரலைக் காட்டி, "இது எத்தனை?" என்றார். சரியாகச் சொன்னான். "எந்திரி... இந்தக் கோட்டு மேல நடந்து காட்டு" என்றார்.

சுண்ணாம்புக் கோட்டின் மேல் கொஞ்சமும் தள்ளாடாமல் நடந்தான். "ஒண்ணும் இல்ல, உள்ள போ!" என்று முதுகில் தட்டினார் சார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன். போனில் வீடியோ வேறு எடுத்துக்கொண்டிருந்தேன்.

இரவு ஒன்பது மணிக்கு வாந்தி. அடுத்த அரை மணி நேரத்தில் மறுபடியும் வாந்தி. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தார்கள். "ரத்தக்கசிவு எதுவும் இல்லை, பயப்படாதீங்க. ஆனா இது கன்கஷன். மறுபடியும் உள்ளே இறக்கி விளையாட வெச்சீங்களா?" என்று கேட்டார் டாக்டர். யாருக்கும் பதில் வரவில்லை.

தம்பி நல்லபடியாகத் தேறிவிட்டான். ஆனால், அந்தக் கோடு மட்டும் என் மனதை விட்டுப் போகவே இல்லை. நேராக நடந்தவனுக்கு எப்படித் தலையில் பிரச்னை? அப்படியென்றால் அந்த டெஸ்ட் எதற்கு? அதைத் தேடிப்போனதில் கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

கன்கஷன் என்றால் என்ன?

தலையிலோ, முகத்திலோ, கழுத்திலோ, ஏன் உடம்பிலோ பலமாக அடிபட்டு, அந்த வேகத்தில் மண்டைக்குள் மூளை குலுங்கிப்போவதைத்தான் கன்கஷன் என்கிறார்கள். தமிழில் மூளை அதிர்ச்சி என்று சொல்லலாம். எலும்பு உடைவதில்லை, ரத்தம் கசிவதில்லை. வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஆனால், மூளை வேலை செய்யும் விதம் சில நாள்களுக்கோ, சில வாரங்களுக்கோ குழம்பிப்போகிறது.

நினைவு தப்பி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலானோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கண்ணைக் கூசுவது, மந்தமாக உணர்வது, கேட்டதையே திரும்பக் கேட்பது, காரணமில்லாமல் எரிச்சல் அல்லது அழுகை... இப்படித்தான் வெளிப்படும். சில நேரம் அடிபட்ட உடனே வராமல், சில மணி நேரம் கழித்தும் வரும்.

பெரிய ஆபத்து இரண்டாவது அடியில்தான் இருக்கிறது. முதல் அடியிலிருந்து மூளை தேறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயதுப் பள்ளி ரக்பி வீராங்கனை, 2013-ம் ஆண்டு ஒரு வாரத்துக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். தனக்குக் கன்கஷனாக இருக்குமோ என்ற சந்தேகம் அவளுக்கே இருந்தது. தோழிகளிடம் சொன்னவள், பெற்றோரிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. அவள் பெயரிலேயே 2018-ல் அங்கே சட்டம் வந்தது. கன்கஷன் சந்தேகம் வந்தாலே விளையாட்டிலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்கிறது 'ரோவன் சட்டம்'.

மூளையில் அடி... காலை ஏன் சோதிக்கிறார்கள்?

குளிக்கும்போது முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் லேசாக உடம்பு ஆடுகிறதே, கவனித்திருக்கிறீர்களா? நாம் நிமிர்ந்து நிற்க மூன்று இடங்களிலிருந்து மூளைக்குத் தகவல் போகிறது. ஒன்று, கண். இரண்டாவது, உள்காது. மூன்றாவது, பாதத்திலும் மூட்டுகளிலும் தசைகளிலும் இருக்கும் உணர்வு. இந்த மூன்றையும் மூளை கணத்துக்குக் கணம் சேர்த்துப் பார்த்து, 'இந்தப் பக்கம் சாய்கிறாய், அந்தப் பக்கம் கொஞ்சம் அழுத்து' என்று தசைகளுக்கு உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது.

கன்கஷனில் இந்தச் சேர்க்கும் வேலை தடுமாறலாம். கண்ணை மூடச் சொன்னால் ஒரு தகவல் போய்விடும். மிச்சமிருக்கும் இரண்டை வைத்துச் சமாளிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் பேலன்ஸ் டெஸ்ட்டின் அடிப்படை. யோசனை சரியானதுதான். பி.டி. சார் தெரிந்தோ தெரியாமலோ செய்ததும் இதன் ஒரு பாதியைத்தான்.

முறைப்படி எப்படிச் செய்கிறார்கள்?

உலகம் முழுக்க அதிகம் பயன்படுவது 'பெஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் பேலன்ஸ் எரர் ஸ்கோரிங் சிஸ்டம். அமெரிக்காவின் நார்த் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் இறுதியில் உருவாக்கியது. செலவே இல்லாதது என்பதால் மைதானங்களில் வேகமாகப் பரவியது.

மூன்று விதமாக நிற்க வேண்டும். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து, ஒற்றைக் காலில், ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதத்தை, குதிகாலும் விரலும் தொடும்படி வைத்து. மூன்றிலும் கைகள் இடுப்பில், கண்கள் மூடியபடி, ஒவ்வொன்றும் 20 நொடி. முதலில் தரையில், பிறகு அதே மூன்றும் தடிமனான ஃபோம் மெத்தையின் மேல்.

எதிரில் நிற்பவர் பிழைகளை எண்ணுவார். இடுப்பிலிருந்து கையை எடுத்தால் ஒன்று. கண்ணைத் திறந்தால் ஒன்று. காலை ஊன்றினாலோ, தடுமாறினாலோ ஒன்று. குதிகாலோ, முன்பாதமோ தரையிலிருந்து எழும்பினால் ஒன்று. இடுப்பு அதிகமாகச் சாய்ந்தால் ஒன்று. நிலை குலைந்து 5 நொடிக்கு மேல் திரும்ப வராவிட்டால் ஒன்று. ஒரு நிலைக்கு அதிகபட்சம் 10 பிழைகள். ஆக, ஆறு நிலைகளுக்கும் சேர்த்து 60. மெத்தை இல்லாமல் தரையில் மட்டும் செய்தால் 30. மார்க் குறையக் குறைய நல்லது.

அடுத்தது நடை. 3 மீட்டர் நீளத்துக்குத் தரையில் டேப் ஒட்டுவார்கள். அதன் மேல் ஒரு பாதத்தின் குதிகால் மற்ற பாதத்தின் விரலைத் தொடும்படி அடிமேல் அடி வைத்து வேகமாக நடந்து, முனையில் திரும்பி, அதேபோல் தொடங்கிய இடத்துக்கு வர வேண்டும். இதற்கு 'டேண்டம் கெய்ட்' என்று பெயர். எத்தனை நொடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்ப்பார்கள். கோட்டை விட்டு விலகினாலோ, பாதங்களுக்கு இடையே இடைவெளி விட்டாலோ அந்தச் சுற்று செல்லாது.

இவை இரண்டும், நினைவாற்றல் கேள்விகள், அறிகுறிகளின் பட்டியல் எல்லாமும் சேர்ந்ததுதான் 'ஸ்காட்' என்ற சர்வதேசப் பரிசோதனைத் தொகுப்பு. இதன் ஆறாவது பதிப்பு 2023-ல் வெளியானது. 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்று, 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. இதைச் செய்ய வேண்டியவர்கள் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட் போன்ற பயிற்சி பெற்றவர்கள். முழுதாகச் செய்யக் குறைந்தது 10 முதல் 15 நிமிடம் ஆகும். நம் மைதானங்களில் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே, அதை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டு ஹாலில் நடந்த பரிசோதனை

தம்பி நன்றாகத் தேறிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே செய்து பார்த்தேன். செருப்பில்லாமல், கண்ணை மூடி, ஹாலில் ஒற்றைக் காலில் 20 நொடி. அதைத் தம்பி வீடியோ எடுத்தான். அதே வீடியோவை அம்மா, தம்பி, நான் மூன்று பேரும் தனித்தனியாகப் பார்த்துப் பிழைகளை எண்ணினோம்.

அம்மா கணக்கில் 3. என் கணக்கில் 6. தம்பி கணக்கில் 9!

"பாவம், லேசா கை ஆடுச்சு, அதையெல்லாமா எண்ணுவாங்க?" என்றார் அம்மா. "குதிகால் தூக்கினது மட்டுமே நாலு தடவைக்கா" என்றான் தம்பி. ஒரே கால், ஒரே 20 நொடி, மூன்று மார்க்குகள்.

எங்கள் வீட்டு வேடிக்கை என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், விளையாட்டு வீரர்கள் பெஸ் டெஸ்ட் செய்யும் வீடியோக்களைப் பயிற்சி பெற்றவர்களிடமே கொடுத்து மார்க் போடச் சொன்னார்கள். முடிவு இதுதான்: ஒரே ஆள் இரண்டு முறை மார்க் போட்டாலும், வித்தியாசம் 7-ஐத் தாண்டினால்தான் அதை உண்மையான மாற்றம் என்று நம்ப முடியும். ஆள் மாறினால், 9-ஐத் தாண்ட வேண்டும்.

இதன் பக்கத்தில் இன்னோர் எண்ணை வையுங்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்று 2003-ல் வெளியானது. கன்கஷன் ஆனவர்கள் அடிபட்ட உடனே சராசரியாக எத்தனை பிழைகள் அதிகம் செய்தார்கள் தெரியுமா? சுமார் 6.

அதாவது, மார்க் போடுகிறவர்களால் வரும் வித்தியாசமே 7, 9 என்று இருக்கும்போது, நாம் தேடுகிற அடையாளம் 6 அளவில்தான் இருக்கிறது. மளிகைக்கடைத் தராசு அரை கிலோ முன்னே பின்னே காட்டும் என்றால், அதில் 400 கிராம் குறைந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

மார்க்கை மாற்றும் மற்ற விஷயங்கள்

எண்ணுகிறவர் மட்டும்தான் பிரச்னை என்று நினைத்துவிடாதீர்கள். நிற்கிற பிள்ளையின் பக்கமும் பல உண்டு.

பழக்கம்: இந்த டெஸ்ட்டைத் திரும்பத் திரும்பச் செய்தாலே மார்க் நன்றாக வந்துவிடுகிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த ஆய்விலேயே இது தெரியவந்தது. நொண்டி விளையாடப் பழகிய பிள்ளைபோலத்தான். மூளை தேறியதால் மார்க் நன்றாக வந்ததா, பழகியதால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம்.

களைப்பு: விளையாடிக் களைத்த உடனே செய்தால், அடிபடாத பிள்ளைக்கும் பிழைகள் கூடும். சுமார் 20 நிமிடம் ஓய்வெடுத்தால் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள் என்கின்றன ஆய்வுகள். வியர்வை வழிய மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனை நிறுத்தி வைத்துச் சோதித்தால் வரும் மார்க்கில் பாதி களைப்பின் மார்க்.

கணுக்கால்: முன்பு கணுக்கால் பிசகிய பிள்ளை, முழங்கால் வலியுள்ள பிள்ளை, இவர்களுக்குத் தலையில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒற்றைக் காலில் நிற்பது சிரமம்.

தரை: செருப்பு, ஷூ, வெறுங்கால், சிமென்ட், மண், புல்... ஒவ்வொன்றும் மார்க்கை மாற்றும். வீட்டு ஹாலில் எடுத்த மார்க்கை மைதானத்து மார்க்கோடு ஒப்பிட முடியாது.

வயது: பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இதுதான் மிக முக்கியம். உடல் சமநிலை என்பது வளரும் வயதில் முதிர்ந்துகொண்டே வருகிற திறமை. எட்டு வயதுப் பிள்ளையையும் பதினாறு வயதுப் பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. உதாரணமாக, அடிமேல் அடி நடையை 14 நொடிக்குள் முடிக்க வேண்டும் என்று ஸ்காட்டின் பழைய பதிப்பு ஒன்றில் இருந்தது. வளர்ந்தவர்களை வைத்துப் போட்ட கணக்கு அது. நல்ல ஆரோக்கியமான பள்ளிப் பிள்ளைகளே அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்வது சகஜம். ஒரே வருடத்தில் கிடுகிடுவென வளர்ந்துவிடும் பிள்ளைக்குப் போன வருட மார்க்கும் பழையதாகிவிடும்.

மனசு: மேட்ச்சில் தொடர்ந்து ஆட வேண்டும் என்று துடிக்கும் பிள்ளை, இருக்கும் தெம்பையெல்லாம் திரட்டி அந்த 20 நொடியைச் சமாளித்துவிடும். இதற்கு நேர்மாறான தந்திரமும் உண்டு. சீசன் ஆரம்பத்தில் எடுக்கும் டெஸ்ட்டில் வேண்டுமென்றே சொதப்பி வைப்பார்களாம். பின்னால் அடிபட்டாலும் மார்க்கில் வித்தியாசம் தெரியாது அல்லவா!

"ஆப் இருக்கிறதே, போனை இடுப்பில் கட்டினால் அதுவே ஆட்டத்தை அளந்துவிடாதா?" என்று கேட்கலாம். போனில் உள்ள சென்சாரும், பாத அழுத்தத்தை அளக்கும் பலகைகளும், எண்ணுகிறவர் செய்யும் தவறைக் குறைக்கும். ஆனால் களைப்பு, கணுக்கால், பழக்கம், வயது ஆகியவற்றை மெஷினாலும் அழிக்க முடியாது.

பாஸ் என்பது ஒன்று, ஃபெயில் என்பது வேறு

இதற்காக டெஸ்ட்டே வீண் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இருக்கிறது.

அதே அமெரிக்கக் கல்லூரி வீரர்களின் தரவுகளை வைத்து 2005-ல் இன்னோர் ஆய்வு வந்தது. அடிபட்ட உடனே செய்த பெஸ் டெஸ்ட் மட்டும், கன்கஷன் ஆனவர்களில் 100-க்கு 34 பேரைத்தான் பிடித்தது. மீதி 66 பேர் தப்பிவிட்டார்கள். என் தம்பி அந்த 66-ல் ஒருவன் மாதிரி. ஆனால், கன்கஷன் ஆகாதவர்களில் 10-க்கு 9 பேருக்கு மேல், 'மாற்றம் இல்லை' என்று சரியாகவே காட்டியது.

அப்படியென்றால் என்ன அர்த்தம்? ஒரு பிள்ளை தன் வழக்கமான அளவைவிட மிக மோசமாகத் தள்ளாடினால், அதை அலட்சியம் செய்யவே கூடாது. ஏதோ நடந்திருக்கிறது. ஆனால், தள்ளாடாமல் நின்றுவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை. பிள்ளையை வெளியே உட்கார வைக்கத் தெரிந்த டெஸ்ட் இது. உள்ளே அனுப்பத் தெரிந்த டெஸ்ட் அல்ல.

அந்த ஆய்விலேயே நல்ல செய்தியும் இருக்கிறது. பேலன்ஸோடு அறிகுறிப் பட்டியலையும், நினைவாற்றல் கேள்விகளையும் சேர்த்துப் பார்த்தபோது, 100-க்கு 90 பேருக்கு மேல் பிடிபட்டார்கள். ஒற்றை டெஸ்ட்டாக இருக்கும்போது பலவீனமானது, மற்றவற்றோடு கைகோக்கும்போது உதவுகிறது. மூன்றில் அதிகம் பேரைப் பிடித்தது எது தெரியுமா? 'தலை வலிக்கிறதா, சுற்றுகிறதா' என்று கேட்கும் சாதாரண அறிகுறிப் பட்டியல்தான்!

இன்னொன்று, காலம். கன்கஷன் ஆனாலும், பெஸ் மார்க் மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுவது வழக்கம். ஒரு வாரம் கழித்து ஒற்றைக் காலில் நிற்கவைத்து, "பார், நல்லாத்தானே நிக்கிறான்" என்று சொல்வதில் பொருளே இல்லை.

ஸ்டீவ் ஸ்மித்துக்கே நடந்தது

டெஸ்ட்டில் தேறிய பிறகும் கன்கஷன் வெளிப்படும் என்பதற்கு உலகமே டி.வி-யில் பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2019, ஆகஸ்ட் 17. லார்ட்ஸ் மைதானத்தில் ஆஷஸ் டெஸ்ட். ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர், 80 ரன்களில் ஆடிக்கொண்டிருந்த ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் தாக்கியது. அப்படியே சரிந்தார். வெளியே அழைத்துச் சென்று மருத்துவர் பரிசோதித்தார். சோதனைகளில் தேறினார். ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் களமிறங்கி 92 ரன்களில் அவுட்டானார்.

மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். மீண்டும் சோதித்ததில் கன்கஷன் என்று தெரிந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக ஆடிய மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் கிரிக்கெட்டின் முதல் கன்கஷன் மாற்று வீரர். அடுத்த ஹெடிங்லி டெஸ்ட்டிலும் ஸ்மித் ஆடவில்லை.

கூடவே மருத்துவர் இருக்கும், உலகின் முன்னணி வீரர் ஒருவருக்கே அறிகுறி மறுநாள்தான் வெளிப்பட்டது என்றால், ஒரு வாட்டர் பாட்டிலும் ஒரு சுண்ணாம்புக் கோடும் மட்டுமே இருக்கும் நம் பள்ளி மைதானங்களை நினைத்துப் பாருங்கள்.

நடந்துகொண்டே கணக்குப் போடு!

நடை டெஸ்ட்டைக் கொஞ்சம் கூர்மையாக்கும் வழியை ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நேராக நடப்பது பெரும்பாலும் பழக்கத்தில் வரும் வேலை. அடிபட்ட மூளையும் முழுக் கவனத்தையும் அதில் வைத்துச் சமாளித்துவிடும். நடக்கும்போதே மூளைக்கு இன்னொரு வேலையைக் கொடுத்தால்?

அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கன்கஷன் ஆன பதின்வயதுப் பிள்ளைகளை நடக்கவிட்டு, நடக்கும்போதே மனக்கணக்கு போன்ற வேலைகளைக் கொடுத்தார்கள். அடிபடாத பிள்ளைகளைவிட இவர்கள் உடம்பு பக்கவாட்டில் அதிகம் ஆடியது. அந்த வித்தியாசம் இரண்டு மாதம் வரைகூட நீடித்தது. பிள்ளைகள் 'எனக்குச் சரியாயிடுச்சு' என்று சொன்ன பிறகும், நடை முழுதாகத் தேறியிருக்கவில்லை.

2023-ன் ஸ்காட் பதிப்பில் இந்த முறையும் சேர்ந்திருக்கிறது. அடிமேல் அடி வைத்து நடந்துகொண்டே, 93-லிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சத்தமாகச் சொல்ல வேண்டும். 93, 86, 79... நீங்களும் ஒருமுறை முயன்று பாருங்கள். அடிபடாத எனக்கே 72-ல் கால் கோட்டை விட்டு வெளியே போனது!

இதிலும் எச்சரிக்கை தேவை. கணக்கில் பலவீனமான பிள்ளை, கணக்கால் தடுமாறுகிறதா, அடியால் தடுமாறுகிறதா? அதனால்தான் அந்தந்தப் பிள்ளையின் பழைய மார்க் கையில் இருப்பது உதவும் என்கிறார்கள்.

நம்பகத்தன்மையைக் கூட்ட என்ன செய்யலாம்?

பள்ளிகளும் பயிற்சி மையங்களும் செலவில்லாமல் செய்யக்கூடியவை இவை.

● சீசன் தொடங்கும் முன், பிள்ளைகள் நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே டெஸ்ட் எடுத்துக் குறித்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள்.

● முதல் தடவையே எடுத்த மார்க்கை வைத்துக்கொள்ளாமல், பழக ஒரு வாய்ப்புக் கொடுத்துவிட்டு, இரண்டு மூன்று முறை எடுத்துச் சராசரி பாருங்கள்.

● அதே தரை, அதே வெறுங்கால், முடிந்தவரை அதே நபர். ஆட்டம் முடிந்த உடனே எடுக்காமல், ஓய்வுக்குப் பிறகு எடுங்கள்.

● வீடியோ எடுத்து வைத்தால், சந்தேகம் வரும்போது இரண்டு பேர் பார்த்து எண்ணலாம்.

● மார்க் போடுகிறவர், அந்த மேட்ச்சின் வெற்றி தோல்வியில் சம்பந்தப்படாதவராக இருப்பது நல்லது. அம்மாவின் பாசம் மூன்று பிழை குறைத்ததுபோல, ஃபைனலின் பரபரப்பும் பிழைகளைக் குறைத்துவிடும்.

● முக்கியமாக, மார்க் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அடிபட்ட அன்று மறுபடியும் களத்துக்கு அனுப்பாதீர்கள்.

அடிபட்டால் பெற்றோர் என்ன செய்ய வேண்டும்?

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: வாந்தி, அதிகரித்துக்கொண்டே போகும் தலைவலி, நினைவிழப்பு, வலிப்பு, கழுத்து வலி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிவது, கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போவது, அதிகரிக்கும் குழப்பமும் அமைதியின்மையும், எழுப்ப முடியாத தூக்கம். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். கழுத்து வலி இருந்தால் தூக்கி உட்கார வைக்காதீர்கள், ஆட்டாமல் படுக்கவையுங்கள்.

இவை எதுவும் இல்லாவிட்டாலும், அன்று பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். முதல் ஓரிரு நாள் படிப்பு, போன், டி.வி எல்லாவற்றையும் குறைத்து ஓய்வு கொடுங்கள். அதற்காக இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைக்க வேண்டியதில்லை. 24 முதல் 48 மணி நேரத்துக்குப் பிறகு, லேசாக நடக்கவிடுவதே நல்லது என்கிறது இப்போதைய மருத்துவம். முதலில் படிப்புக்குத் திரும்பட்டும். பிறகு படிப்படியாக விளையாட்டு. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். பிள்ளைகள் தேறப் பெரியவர்களைவிட அதிக நாள்கள், சிலருக்கு நான்கு வாரங்கள்கூட ஆகலாம். பிரிட்டனில் உள்ளூர் விளையாட்டுகளுக்காக 2023-ல் வெளியான வழிகாட்டுதல், 21 நாள்களுக்கு முன் போட்டிக்குத் திரும்பவே கூடாது என்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. "தலை ஒருமாதிரி இருக்கு" என்று சொன்னால், "சும்மா சாக்குச் சொல்லாதே" என்று அடக்கிவிடாதீர்கள். அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள்.

சாரும் தம்பியும்

தம்பி ஐந்து வாரம் கழித்துத்தான் கபடிக் களத்துக்குத் திரும்பினான். அதற்கு முன் ஒருநாள், அவன் பி.டி. சாரைப் போய்ப் பார்த்தேன். கோபமாகத்தான் போனேன். "நான் பார்த்தப்ப நல்லாத்தான்மா நடந்தான்... எங்களுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கலையேம்மா" என்றார். குரல் கம்மியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. என் போன் வீடியோவிலும் தம்பி நேராகத்தான் நடக்கிறான்.

மருத்துவம் படிக்காதவர்களும் மைதானத்தில் கன்கஷனைச் சந்தேகிக்க உதவும் இலவச அட்டை ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. 'கன்கஷன் ரெகக்னிஷன் டூல்' என்று பெயர். இரண்டு பக்கம்தான். அதில் உள்ளவற்றைத் தமிழில் எழுதி சாரிடம் கொடுத்தேன். விசில் கட்டியிருக்கும் கயிற்றோடு அதையும் மடித்துச் சேர்த்து வைத்திருக்கிறாராம். தம்பிதான் சொன்னான்.

போன வாரம் அவனிடம் போனில் கேட்டேன், "அன்னிக்கு நடக்கும்போது உனக்கு உண்மையிலேயே ஒண்ணும் தெரியலையாடா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "கோடு ரெண்டா தெரிஞ்சுதுக்கா. ஒண்ணைப் பார்த்து நடந்துட்டேன். யாரும் கேக்கலையே..."

அடுத்த முறை உங்கள் பிள்ளை விழுந்து எழுந்தால், கோட்டில் நடக்கச் சொல்வதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறது என்று கேளுங்கள். பதில் என்னவாக இருந்தாலும், அன்றைக்கு மட்டும் ஆட்டத்தைப் பெஞ்சில் இருந்து பார்க்கட்டும்.